விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் சமுதாய நலப் பிரிவின் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. கூடுகைக்கு வர இயலாத அன்பர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



நம் பொருளாளர் ஐயா அவர்கள் சற்று முன்பு ஆண்டு வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். மருந்துக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு, ஏழை நோயாளர் நிதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாயும் அதற்குரிய இடத்தில் எழுதப்பட்டிருந்தது. கணக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். நான் உங்களோடு பேச விரும்புவதோ, எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் போகிற ஒரு செலவைக் குறித்து.

ஒரு ஆலை தன் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்ய ஆகியிருக்க வேண்டிய பணம் ஆலைக்கு மிச்சம். ஆனால் அந்தச் செலவு அத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. அது வாய்க்கால் வழியாக நடந்து போய் வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த வேறொருவர் யார்? அவர் எவ்வளவு கொடுக்கிறார்? அதில் நம்மைப் போன்ற மருத்துவமனைகளுக்கும், நீங்கள் மனமுவந்து தருகிற காணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்று கேள்விகளைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பாலாற்றங்கரையில் நடந்தது

தூரத்து உதாரணத்தை விட்டுவிட்டு, நம்மில் பலருக்குத் தெரிந்த வட ஆற்காட்டுப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர் பெற்றவை. தோல் பதனிடுதல் அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில். ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அதுதான் அடுப்பெரிக்கிறது. அந்தத் தொழிலைப் பழித்துப் பேச நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்னாளில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டே அங்கே தோலைப் பதனிட்டார்கள். 1970களில் மத்திய அரசு, பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு விதித்தது. முழுவதும் முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்பினால் நாட்டுக்கு அதிக வருமானம், உள்ளூரில் அதிக வேலை என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். அதன் பின்பு குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை வேகமாகப் பரவியது. சீக்கிரம் முடியும், தோல் மிருதுவாக இருக்கும், மேல்நாட்டுச் சந்தை அதைத்தான் கேட்டது.

இந்த முறையில் எத்தனை பொருட்கள் தண்ணீரில் கலக்கின்றன என்று பாருங்கள். கெட்டுப்போகாமல் இருக்கப் பச்சைத் தோலில் முதலில் உப்பு தடவுகிறார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் அளவுக்கு உப்பு போகிறது. ஆலைக்கு வந்ததும் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும். பிறகு அமிலம், குரோமியம், சாயம், எண்ணெய். ஒரு கிலோ முடித்த தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்றும், ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் இத்தொழிலில் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பொன்றில் குறிப்பிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆறு. தண்ணீர் மேலே ஓடாது; மணலுக்கு அடியில் ஓடும். அதை நம்பித்தான் கரையோரக் கிணறுகளும் ஊர்க் குடிநீர்த் திட்டங்களும் இருந்தன. ஓடுகிற ஆற்றில் கழிவு விழுந்தால் கொஞ்சமாவது கரைந்து போகும். மணலாறு அப்படியல்ல. அது வடிகட்டித் துணி போல, விட்டதையெல்லாம் உள்ளே இழுத்து நிலத்தடி நீரில் சேர்த்துவிட்டது. கரையோரத்தில் தென்னை காய்ப்பு குறைந்தது. நெல் வயலில் உப்புப் பூத்தது. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. 35,000 ஹெக்டேர் அளவு விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிட லாயக்கற்றுப் போய்விட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டதை உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டியது.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

இனி ஆலை முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். பச்சைத் தோல் வாங்கிய விலை, உப்பு, சுண்ணாம்பு, குரோமியம், கூலி, மின்சாரம், வங்கி வட்டி, லாரி வாடகை, எல்லாம் இருக்கும். இவற்றைப் பொருளாதார அறிஞர் தனியார் உற்பத்திச் செலவு என்கிறார்கள். இதற்கு மேல் கொஞ்சம் லாபம் சேர்த்து அவர் தோலை விற்கிறார்.

அவர் புத்தகத்தில் இல்லாத வரிகள் சில உண்டு. ஆற்றோரத்து விவசாயியின் விளைச்சல் குறைந்தது ஒரு வரி. கிணறு கெட்டதால் அவர் வீட்டுப் பெண்கள் தூரத்துக் குழாய்க்குக் குடத்தோடு நடந்தது ஒரு வரி. தண்ணீர் லாரிக்குக் கொடுத்த பணம் ஒரு வரி. கல்யாணத்துக்காக விற்க நினைத்த நிலம் விலை போகாமல் நின்றது ஒரு வரி. தோலரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் வைத்தியம் பார்த்தது ஒரு வரி. ஊராட்சி வேறு இடத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டது ஒரு வரி. இவற்றையும் முதல் புத்தகத்தோடு கூட்டினால் வருவதுதான் சமுதாயச் செலவு, அதாவது அந்தத் தோலை உண்டாக்க ஊர் முழுவதும் சேர்ந்து கொடுத்த உண்மையான விலை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிக் காட்டியவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் பிகூ. 1920ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அவர் காட்டிய உதாரணங்கள் எளிமையானவை. ரயில் இன்ஜினிலிருந்து பறக்கும் தீப்பொறி பக்கத்துத் தோப்பை எரிக்கிறது; ரயில் கம்பெனியின் கணக்கில் அந்த மரங்களின் விலை இல்லை. ஆலைப் புகைபோக்கியின் கரி நகரத்து வீடுகளின் மேல் படிகிறது. துணி வெளுக்கிற செலவு ஆலைக்கு இல்லை. பிறர்மேல் ஏற்றப்படும் அளவுக்குச் சமமான வரியை ஆலையின்மேல் விதித்தால், இரண்டு புத்தகங்களும் ஒன்றாகிவிடும் என்றார் அவர்.

இதை ஒரு சிறு கணக்காகச் சொல்கிறேன். விளங்கிக்கொள்வதற்காக நானே வைத்த எண்கள் இவை. ஒரு தோலைச் செய்ய ஆலைக்கு 100 ரூபாய் ஆகிறது. கழிவைச் சுத்தம் செய்தால் இன்னும் 5 ரூபாய் ஆகும். செய்யாவிட்டால் வெளியே 20 ரூபாய் நஷ்டம். ஊருக்கு எது லாபம் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: 5 ரூபாயைச் செலவழிப்பதே லாபம். ஆனால் அந்த 5 ரூபாயைக் கொடுக்க வேண்டியவர் ஒருவர், 20 ரூபாயை இழக்கிறவர் வேறொருவர். அதனால் மலிவான வழி கைவிடப்பட்டு, விலை உயர்ந்த வழி நடைமுறையாகிவிடுகிறது.

இதில் இன்னொரு அநீதியும் உண்டு. பக்கத்திலேயே மனசாட்சியுள்ள ஒரு முதலாளி இருக்கிறார், அவர் 5 ரூபாய் செலவழித்துச் சுத்தம் செய்கிறார் என்று வையுங்கள். அவருடைய தோல் 105 ரூபாய். வெளிநாட்டு வியாபாரி 100 ரூபாய்த் தோலைத்தான் வாங்குவார். நல்லவர் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே இதைத் தனிமனிதருடைய நல்ல குணத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம், எல்லார் வாசலிலும் ஒரே சோதனை என்று இருந்தால்தான் நல்லவர் பிழைக்க முடியும்.

வேதாகமத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் மூடாத குழியைப் பற்றி ஒரு நியாயம் உண்டு. ஒருவன் தோண்டி மூடாமல் விட்ட குழியில் அயலான் வீட்டு மாடு விழுந்து செத்துப்போனால், நஷ்டம் மாட்டுக்காரனைச் சேராது. குழிக்காரனே மாட்டின் விலையைக் கொடுத்தாக வேண்டும். அவன் வேண்டுமென்றே மாட்டைத் தள்ளினானா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. மூடவில்லை என்பதே போதும்.

நீதிமன்றம் போட்ட கணக்கு

1991ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் முக்கியமான தொழில் இது என்று ஒத்துக்கொண்ட நீதிமன்றம், அதற்காக மண்ணையும் நீரையும் மக்களின் ஆரோக்கியத்தையும் அழிக்கிற உரிமை எந்தத் தொழிலுக்கும் கிடையாது என்று தெளிவாக்கியது. மாசுபடுத்துகிறவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்கிற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுப்பதோடு, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் திருத்துகிற செலவும் அவர்களையே சேரும் என்பது அதன் பொருள். வழக்கில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது.

நஷ்டத்தைக் கணக்கிட ஒரு தனி ஆணையம் அமைக்கப்பட்டது. அது கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து, 2001 மார்ச் மாதம் தன் முடிவைத் தந்தது. அன்றைய வேலூர் மாவட்டத்தின் ஏழு தாலுகாக்களில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். கொடுக்க வேண்டிய ஆலைகள் 547. மொத்தத் தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். 1991 முதல் 1998 வரையிலான நஷ்டத்துக்கு இது.

26 கோடி என்றால் பெரிய தொகையாகக் காதில் விழுகிறது. 29,193ஆல் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நஷ்டத்துக்கு அது மாதம் ஏறத்தாழ நூறு ரூபாய். அதுவும் நிலத்தின் விளைச்சல் குறைந்ததை அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கு. குடத்தோடு நடந்த நடையும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலும் அதில் எங்கே?

நஷ்டப்பட்டவர் நேரே ஆலைக்காரரிடம் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த இரண்டு எண்களையும் மறுபடியும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 29,193 பேர், மறுபக்கம் 547 ஆலைகள். எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றில் கரிக்கிறது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஒரு ஏக்கர் நிலம் வைத்திருக்கிற விவசாயி எத்தனை ஆலையின்மேல் வழக்குப் போடுவார்? வக்கீலுக்குக் கொடுக்கவே அந்த நிலம் போதாது.

இந்த விஷயம் அத்தோடும் முடியவில்லை. நஷ்டஈடு முழுவதுமாகப் போய்ச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை என்று வழக்கு தொடர்ந்தது. 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. பாக்கி உள்ளவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பின்பு அதை ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், பாலாற்றைக் கண்காணித்துத் திருத்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் 34 ஆண்டுகள். மனுப் போட்ட காலத்தில் பிறந்த பிள்ளை இன்று தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வயதில் இருக்கிறது. தாமதமும் ஒரு செலவுதான். அதையும் கிணற்றுக்காரரே கொடுத்தார்.

நன்மை எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியில்லாத சிறு ஆலைகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போவதில்லை என்பதால், பிற்பாடு சவ்வூடு வடிகட்டும் இயந்திரங்களும் வந்தன. அவற்றில் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது. உப்பு தனியே மிஞ்சுகிறது. அந்த உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது அடுத்த கேள்வி. செலவு ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நகர்வதை இங்கேயும் பார்க்கலாம்.

மருத்துவமனைக்கு வரும் பங்கு

இனி நம் வாசலுக்கு வருவோம். எழுதப்படாத வரிகளிலெல்லாம் அதிகம் மறைந்துபோவது உடல்நலச் செலவுதான். காரணம் இதுதான். நிலம் கெட்டால் மண்ணைச் சோதித்து உப்பின் அளவைச் சொல்லிவிடலாம். மனித சரீரத்தில் அப்படிப் பிரித்துச் சொல்வது கடினம். தோல் அரிப்போடு வருகிறவருக்கு அது சிமெண்டால் வந்ததா, சோப்பால் வந்ததா, குரோமியத்தால் வந்ததா? மூச்சிரைப்போடு வருகிறவர் பீடி குடிக்கிறவராகவும் இருக்கலாம். மருத்துவர் நோய்க்கு மருந்து எழுதுகிறார். நோயாளி வீடு திரும்புகிறார். எந்த ஆலையின் பெயரிலும் பற்று எழுதப்படுவதில்லை.

நிச்சயமாகத் தெரிந்தவை சில உண்டு. குரோமியத்தில் இரண்டு வகை முக்கியமானவை. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற வகை. இது ஒப்பிடும்போது சாதுவானது. மற்றது அறுவிணைதிற வகை. இதைக் கையாளுகிறவர்களுக்குத் தோலில் புண் உண்டாகலாம், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழலாம், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். ராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கான குரோமிய இரசாயனங்களைச் செய்துவந்த ஒரு ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, இந்த ஆபத்தான குரோமியத்தோடு, வெட்டவெளியில் மலையாகக் கிடந்தது. ஆலை மூடிய பிறகு கணக்குப் புத்தகமும் மூடியாயிற்று. மழை மட்டும் ஆண்டுதோறும் அந்த மலையைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

2015 ஜனவரி 31ஆம் தேதி அதிகாலையில், அதே ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசின் செலவு ஆலைக்கு வெளியே இருக்கிறவர்மேல் மட்டும் விழுவதில்லை; உள்ளே வேலை செய்கிற ஏழையின் மேலும் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் காணிக்கையின் ஒரு பகுதி ஏழை நோயாளர் நிதிக்குப் போகிறது. கெட்ட தண்ணீராலும் கெட்ட காற்றாலும் நோய்ப்பட்ட ஒருவர் இலவசமாகச் சிகிச்சை பெறும்போது, அந்தச் செலவை நீங்கள் கொடுக்கிறீர்கள். சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: நியாயமாக ஒரு ஆலையின் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ரூபாயை, ஒரு விதவை காணிக்கைப் பையில் போடுகிறாள். எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கடையில் ஒரு ஜோடி காலணி மலிவாக விற்பதற்கு அவளும் உதவி செய்கிறாள்.

ஜப்பானில் ஒரு மருத்துவர்

அப்படியானால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் சிஸ்ஸோ என்ற கம்பெனி 1932 முதல் பாதரசத்தைக் கிரியா ஊக்கியாக வைத்து ஒரு இரசாயனத்தைத் தயாரித்தது. கழிவு கடலுக்குப் போயிற்று. பாதரசம் மீனில் ஏறியது. மீன் மீனவர் வீட்டுச் சட்டிக்கு வந்தது. பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு பிள்ளைகளுக்குக் கைகால் நடுங்கியது, பேச்சுக் குழறியது, கண் மங்கியது.

1956 மே 1ஆம் தேதி இந்த நோயை அரசாங்கத்துக்கு அறிவித்தவர் ஹொசோகவா ஹஜிமே. அவர் வேறு யாருமல்ல, அந்தக் கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை மருத்துவர். 1959இல் ஆலையின் கழிவுநீரை அவரே பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண்ணிட்ட பூனைக்கு அதே நோய் வந்தது. முடிவைக் கம்பெனியிடம் சொன்னார். அது வெளியே வராமல் கம்பெனி பார்த்துக்கொண்டது. அவர் சோதனைகளும் தடைப்பட்டன.

அதே 1959 டிசம்பரில் கம்பெனி நோயாளிகளோடு ஒரு ஒப்பந்தம் செய்தது. கொடுத்த பணத்துக்கு நஷ்டஈடு என்று பெயர் வைக்கவில்லை. அனுதாபத் தொகை என்று பெயர் வைத்தது. பின்னாளில் கழிவுதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு எதையும் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. பசியில் இருந்த மீனவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1968 வரை அந்த உற்பத்தி தொடர்ந்தது. 1970இல் புற்றுநோய்ப் படுக்கையில் இருந்தபடி ஹொசோகவா நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். அந்தப் பூனையைப் பற்றி வாய் திறந்தார். அவ்வாண்டே அவர் காலமானார். 1973இல் நீதிமன்றம் கம்பெனிதான் பொறுப்பு என்று தீர்த்து, அந்த அனுதாப ஒப்பந்தம் செல்லாது என்றது.

இந்தச் சம்பவத்தில் செலவுக் கணக்கும் உண்டு. ஜப்பான் சுற்றுச்சூழல் முகமையின் ஏற்பாட்டில் 1991இல் வெளியான ஆய்வு, மாசைத் தடுக்க ஆண்டுக்குச் சுமார் 12 கோடி யென் ஆகியிருக்கும் என்றும், தடுக்காமல் விட்டதால் நோயாளி நஷ்டஈடு, கடலடிச் சேறு அகற்றல், மீன்பிடி இழப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,260 கோடி யென் ஆயிற்று என்றும் கணக்கிட்டது. ஏறத்தாழ நூறு மடங்கு. இந்த நூறு மடங்கிலும், தாயின் கர்ப்பத்திலேயே விஷம் ஏறிப் பிறந்த குழந்தையின் வாழ்க்கைக்கு விலை போடப்படவில்லை. அதற்கு யார் விலை போட முடியும்?

நம் பங்கு

அன்பானவர்களே, மினமாட்டாவின் அனுதாபத் தொகை என் மனதை விட்டு நீங்குவதில்லை. நாம் செய்கிற தரும சிகிச்சை அப்படிப்பட்ட தொகையாக ஆகிவிடக் கூடாது. வாயை மூடுவதற்குக் கொடுக்கிற பணமும், காயத்தைக் கட்டுவதற்குக் கொடுக்கிற பணமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காயத்தைக் கட்டிவிட்டு, எதனால் காயம் என்று எழுதி வைக்கிறோமா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை. முதலாவது, ஒவ்வொரு ஓ.பி. சீட்டிலும் மூன்று கேள்விகளுக்கு இடம் வேண்டும்: என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார். தோல் பதனிடுகிறவர்களைப் பற்றியும் எழுதினார். ஒரு சீட்டு எதையும் நிரூபிக்காது. பத்து ஆண்டுச் சீட்டுகள் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கும். நஷ்டத்தைக் கணக்கிட ஆணையம் வரும் நாளில், விளைச்சல் கணக்கோடு கூட நோயின் கணக்கும் மேசைமேல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறு ஏற்பாடு. பெரிய இயந்திரம் தேவையில்லை. நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கையடக்கக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. நம் கிராம சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு பருவத்திலும் கிணறுகளை அளந்து நோட்டில் எழுதட்டும். வருஷா வருஷம் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்த ஊர் மக்களுக்கே தெரியட்டும்.

மூன்றாவது, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆலையிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பொறுப்பில் இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். நம் சபைகளிலேயே தோல் ஆலையில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இருக்கலாம். ஆலையை மூடு என்று கோஷம் போடச் சொல்லவில்லை. மூடினால் கஞ்சிக்கு வழியில்லாமல் போகிறவர்களும் நம் நோயாளிகள்தான். உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில், அந்த 5 ரூபாய் செலவழிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். செலவழிக்கிற முதலாளியை ஆதரியுங்கள். மலிவாகக் கிடைக்கிற பொருளை வாங்கும்போது, மீதி விலையை யார் கொடுத்தார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஏழை நோயாளர் நிதிக்கு நீங்கள் தருவதை இதற்காகக் குறைக்க வேண்டாம். யாருடைய குழியில் விழுந்திருந்தாலும், விழுந்தவரைத் தூக்குவது நம் வேலை. தூக்கின கையோடு குழியை மூடச் சொல்லுவதும் நம் வேலைதான்.

கூடுகைக்குப் பின் சாப்பாட்டுக் கூடத்தின் அருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க விரும்புகிறவர்கள் தங்கள் சபையின் பெயரையும் ஊரின் பெயரையும் அங்கே கொடுத்துவிட்டுப் போகலாம்.